கேஜ் மாற்றமும் கம்ப்யூட்டர் மாநாடும்

அகமதாபாத்தில் முப்பது, நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் நம்மவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகிறோம். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், தண்ணீர்க் கூஜா, அத்தை பெண்ணுக்கு வாங்கிய பாந்தனி புடவை, ஒரு டப்பா காக்ரா என்று எல்லாவற்றையும் இறக்கி, போர்ட்டரோடு பேரம் பேசி, ஆட்டோவில் திணித்து, எழும்பூருக்கு ஓடுகிறோம். அங்கே மறுபடியும் போர்ட்டர், மறுபடியும் பேரம், மறுபடியும் வேறொரு வண்டி.

எதற்காக இந்த அலைச்சல்? சென்ட்ரலுக்கு வருவது அகல ரயில் பாதை. எழும்பூரிலிருந்து அந்நாளில் தெற்கே போனது மீட்டர் கேஜ். ஒன்றின் அகலம் 1676 மில்லிமீட்டர், மற்றதன் அகலம் 1000 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் அந்த 676 மில்லிமீட்டருக்காகத்தான் நாம் குழந்தைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் எடுக்கிறேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். 2025 ஜூன் 9ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு எழும்பூர் ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியத்தில் உங்கள் எல்லோருடைய உதவியும் எனக்குத் தேவைப்படுகிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு மாநாடு

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்தவன். எங்கள் காலத்துப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கிடையாது. 1983இல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பி.டபிள்யூ.ஐ. என்று கூப்பிடப்பட்டு, பிறகு அந்தப் பதவியின் பெயரையே செக்ஷன் என்ஜினீயர் என்று மாற்றினார்கள், அப்படியும் கூப்பிடப்பட்டு, 2021இல் ஓய்வு பெற்றேன். ஆகவே நான் சொல்லும் கம்ப்யூட்டர் விஷயங்கள் ஒரு தண்டவாளக்காரன் புரிந்துகொண்ட அளவில்தான் இருக்கும்.

என் மாப்பிள்ளை புனேயில் சாஃப்ட்வேர் எழுதுபவர். அந்த வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் பேத்தியும் இங்கே வந்திருந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து நான் படுக்கப் போகும் நேரத்தில் அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். "மாமா, தூக்கம் வரவில்லை என்றால் உட்காருங்கள். எங்கள் தொழிலில் இது ஒரு பட்ஜெட் தினம் மாதிரி" என்றார்.

ஆப்பிள் கம்பெனி ஒவ்வொரு ஆண்டும் நடத்தும் டெவலப்பர் மாநாடு அது. கலிஃபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. போன், கம்ப்யூட்டர், கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கு வரப்போகும் புதிய சாஃப்ட்வேர் என்ன, எது நீடிக்கும், எது நிற்கும் என்பதை அந்தக் கம்பெனி அங்கேதான் முதலில் சொல்கிறது. கேட்பவர்கள் நம்மைப் போல வாங்கி உபயோகிப்பவர்கள் அல்ல. அந்தக் கருவிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவர்கள். ரயில்வேயில் புது டைம்டேபிள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு சர்க்குலர் வருமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிக்கு டைம்டேபிள் போதும். பாதையைப் பார்ப்பவனுக்கு சர்க்குலர்தான் சோறு.

2008ஆம் ஆண்டு மாநாட்டில் விவரம் சொல்லப்பட்ட ஆப் ஸ்டோர், அடுத்த மாதம் சுமார் 500 ஆப்களோடு திறந்தது. இன்று டாக்ஸி, பாங்க், ரயில் டிக்கெட் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டதற்கு அது ஒரு பெரிய திருப்பம். 2013இல் அறிவிக்கப்பட்ட ஐ.ஓ.எஸ். 7இல்தான் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி என்ற தமிழ் எழுத்துரு அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இடம்பெற்றிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நமக்குச் சம்பந்தமில்லாத மாநாடு என்று நினைத்தால், நம் பேரன் பேத்திகளுக்கு நாம் தமிழில் அனுப்பும் செய்தி வரை அது வந்து நிற்கிறது.

2025 மாநாட்டில் நிறையச் சொன்னார்கள். கண்ணாடி போலத் தெரியும் புதுத் தோற்றம், அதற்கு லிக்விட் கிளாஸ் என்று பெயர். எல்லாக் கருவிகளின் சாஃப்ட்வேருக்கும் ஆண்டுக் கணக்கில் 26 என்று ஒரே எண். கருவிக்குள்ளேயே இயங்கும் செயற்கை அறிவை மற்றவர்கள் எழுதும் ஆப்களும் உபயோகிக்க வழி. மாப்பிள்ளை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் சொக்கியது.

மறுநாள் காலைக் காப்பியின்போது அவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு செய்திதான் என்னை நிமிர வைத்தது. "மேக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சிப் வைத்தவை இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு இந்த மேக் ஓ.எஸ். 26தான் கடைசி, மாமா. அதிலும் இன்டெல் மாடல்கள் நான்குக்குத்தான் இது கிடைக்கும். அடுத்ததிலிருந்து சொந்தச் சிப் வைத்த மெஷின்களுக்கு மட்டும்தான்."

"அப்படியானால் பாதையை மூடுகிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றேன்.

"அப்படியும் சொல்லலாம். ஆனால் பாதுகாப்புக்கான திருத்தங்கள் மூன்று வருஷத்துக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்."

ஆக, பாதையை மூடினாலும் கேட்மேனை மூன்று வருஷம் வைத்திருக்கிறார்கள்.

சிப் என்பதும் ஒரு கேஜ்தான்

மாப்பிள்ளை எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான சிப் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கட்டளைத் தொகுதியை வைத்திருக்கிறது. ஒரு சிப்புக்காகத் தயாரித்த சாஃப்ட்வேர், வேறு வகைச் சிப்பில் நேரடியாக ஓடாது. மீட்டர் கேஜ் பெட்டியை அகலப் பாதையில் வைத்தால் என்ன ஆகும்? சக்கரம் உட்காராது. பெட்டியில் குறை இல்லை, பாதையிலும் குறை இல்லை. இரண்டுக்கும் அளவு வேறு, அவ்வளவுதான்.

நான் முதலில் வேலை பார்த்த செக்ஷனில் சபர்மதி பக்கம் இரண்டு கேஜும் அருகருகே இருந்தன. அகமதாபாத்திலிருந்து டெல்லிக்கு அப்போது மீட்டர் கேஜ்தான். அகல ரயிலில் வந்த மூட்டையை இறக்கி மீட்டர் கேஜ் வேகனில் ஏற்ற ஒரு கூட்டம் தொழிலாளர்கள் பகலும் இரவும் வேலை செய்வார்கள். அதற்கு டிரான்ஷிப்மெண்ட் என்று பெயர். சரக்கு போய்ச் சேரும், ஆனால் தாமதமாகும். சாக்கு கிழியும், சர்க்கரை சிந்தும், கணக்கில் நான்கு மூட்டை குறையும். அகல ரயிலின் ஒரு வேகன் சரக்கு, சின்ன வேகன் ஒன்றில் அடங்காது என்பது வேறு.

கம்ப்யூட்டரிலும் இந்த டிரான்ஷிப்மெண்ட் உண்டு. ஒரு சிப்புக்கான கட்டளைகளை இன்னொரு சிப்புக்குப் புரியும்படி இடையில் நின்று மாற்றிக் கொடுக்கும் ஒரு சாஃப்ட்வேர். ஆப்பிள் அதற்கு வைத்த பெயர் ரொசெட்டா. எகிப்தில் 1799இல் கிடைத்த ரொசெட்டா கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டிருந்தது. தெரிந்த கிரேக்க எழுத்தை வைத்துக்கொண்டு, தெரியாத எகிப்திய எழுத்தைப் படித்தார்கள். அந்தக் கல்லின் பெயர்தான் இது.

இன்னொரு வழியும் உண்டு. எங்கள் ரயில்வேயில் சில இடங்களில் மூன்று தண்டவாளம் போட்டு, இரண்டு கேஜ் வண்டியையும் ஒரே பாதையில் விடுவோம். அதற்கு மிக்ஸட் கேஜ் என்று பெயர். சாஃப்ட்வேரிலும் அதேபோல இரண்டு சிப்புக்கான கட்டளைகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்து, எந்த மெஷினில் போட்டாலும் ஓடும்படி செய்கிறார்கள். அதை யுனிவர்ஸல் பைனரி என்று மாப்பிள்ளை சொன்னார். மூன்றாவது தண்டவாளத்துக்கு இரும்பு அதிகம் செலவாவதுபோல, இங்கே இடம் அதிகம் அடைக்கும்.

மூன்று முறை மாறிய பாதை

ரயில்வேயில் 1992இல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கியது. டெல்லி பாதை 1990களில் மாறியபோது நான் அந்த வேலையில் இருந்தேன். இந்தக் கம்பெனி அதேபோல ஒருமுறை அல்ல, மூன்று முறை கேஜை மாற்றியிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தொழில் ரீதியாக ஆவல் வந்துவிட்டது.

முதல் முறை 1994இல். மோட்டோரோலாவின் 68000 வரிசைச் சிப்பிலிருந்து பவர்பி.ஸி. என்ற சிப்புக்கு மாறினார்கள். பழைய சாஃப்ட்வேர் ஓடுவதற்கு வேண்டிய மாற்றும் ஏற்பாட்டை மெஷினுக்குள்ளேயே வைத்தார்கள்.

இரண்டாவது முறை 2005 ஜூன் 6ஆம் தேதி, சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த இதே மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று, பவர்பி.ஸி.யை விட்டு இன்டெல் சிப்புக்கு மாறப் போவதாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன், 2003ஆம் ஆண்டு மாநாட்டில், ஒரு வருஷத்துக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் மெஷின் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்கவில்லை என்பதை அவரே மேடையில் ஒப்புக்கொண்டார். ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று கணக்குப் பார்த்தால் இன்டெல் மேல் என்றார். பவர்பி.ஸி.யின் ஜி5 சிப்பை ஒரு மடிக் கம்ப்யூட்டருக்குள் வைக்க முடியாமலே போயிருந்தது.

அன்று அவர் வெளியிட்ட இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷமும், மேக் ஓ.எஸ். எக்ஸ் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு பதிப்பையும் வெளியே தெரியாமல் இன்டெல் சிப்புக்கும் சேர்த்தே தயாரித்து வைத்திருந்தார்களாம். அன்று மேடையில் அவர் அதுவரை இயக்கிக் காட்டிய மெஷினே இன்டெல் பென்டியம் 4 வைத்ததுதான். மண்மேட்டையும் பாலத்தையும் அகல ரயிலின் அளவுக்கே முன்கூட்டிக் கட்டி வைத்துவிட்டு, மேலே சின்னத் தண்டவாளம் ஓட்டுவதுபோன்ற காரியம். நல்ல என்ஜினீயர் செய்கிற வேலை. 2007 முடிவுக்குள் மாற்றம் முடியும் என்று சொன்னவர்கள், 2006 ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டிலேயே முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை 2020 ஜூன் 22. கொரோனா காரணமாக மாநாட்டு மண்டபமே இல்லை, படம் பிடித்துத்தான் காட்டினார்கள். இன்டெல்லை விட்டுத் தாங்களே வடிவமைக்கும் சிப்புக்கு மாறுவதாக டிம் குக் அறிவித்தார். முதல் எம்1 மெஷின்கள் அந்த ஆண்டு நவம்பரில் வந்தன. இரண்டு வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னது, 2023 ஜூன் மாநாட்டில் மேக் ப்ரோ என்ற பெரிய மெஷினும் மாறிய பிறகுதான் முடிந்தது. டார்கெட் தேதி தள்ளிப்போவது நம் ரயில்வேயில் மட்டும்தான் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் டிரான்ஷிப்மெண்ட் யார்டு கொஞ்ச நாளைக்குத்தான். 2006இல் வந்த முதல் ரொசெட்டாவை 2011இல் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ரொசெட்டா மேக் ஓ.எஸ். 27 வரை முழுமையாக இருக்கும், அதன் பிறகு பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்கு வேண்டிய அளவு மட்டுமே இருக்கும் என்று 2025 மாநாட்டில் அறிவித்தார்கள்.

சவப்பெட்டி ஒன்றும் உண்டு. 2002 மே மாத மாநாட்டில், மேக் ஓ.எஸ். 9 என்ற பழைய சாஃப்ட்வேருக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே இறுதிச் சடங்கு நடத்தினார். நிஜமான சவப்பெட்டிக்குள் அந்த சாஃப்ட்வேர் டப்பாவைப் படுக்க வைத்து, இரங்கல் உரை வாசித்து, மூடியின் மேல் ஒரு ரோஜாவை வைத்தார். அந்த வீடியோவை மாப்பிள்ளை எனக்குக் காட்டினார். மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் டெல்லி பாதையில் கடைசி மீட்டர் கேஜ் வண்டி போன அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார், கேங்மேன் ஒருவர் தண்டவாளத்தைத் தொட்டுக் கும்பிட்டார். மறுநாள் காலையில் அதே கேங்மேன்தான் அந்தத் தண்டவாளத்தின் முதல் போல்ட்டைக் கழற்றினார்.

மாற்றம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கேஜ் மாறியதால்தான் இன்று மூட்டையைத் தூக்காமல் போகிறோம். ஆனால் பாதை மாறும்போது பழைய பாதையில் நிற்கும் சரக்கை யாராவது போய் எடுத்து வர வேண்டும். எடுக்காமல் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு சரக்கு நின்றிருந்தது.

எங்கள் வீட்டுச் சரக்கு

என் மனைவி நம் பத்திரிகையில் 1996 முதல் 1999 வரை ஆறு கட்டுரைகள் எழுதினாள். பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் புளிக்கும் நல்லெண்ணெய்க்கும் அலைந்தது, எதிர் வீட்டு பா அவளுக்குக் குஜராத்தியும் இவள் அந்த பாவுக்கு ரசமும் கற்றுக் கொடுத்தது, பொங்கலும் உத்தராயணமும் ஒரே நாளில் வருவதால் மாடியில் ஒரு கையில் கரும்பும் ஒரு கையில் பட்டத்து நூலுமாக நின்றது என்று அவளுக்குத் தெரிந்ததை எழுதினாள். 2016இல் அவள் காலமானாள்.

போன வருஷம் சங்கத்தின் கமிட்டியில், பழைய இதழ்களிலிருந்து நல்ல கட்டுரைகளைப் பொறுக்கி ஒரு தொகுப்பு போடலாம் என்று முடிவாயிற்று. அம்மா எழுதியதைச் சேர்க்க வேண்டும் என்று என் பெண் ஆசைப்பட்டாள். எங்கள் வீட்டில் இருந்த இதழ்கள், கீழ்த்தள வீட்டில் குடியிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் நனைந்து பாழாகிவிட்டன. ஒரே ஒரு இதழ் மட்டும் புடவைகளுக்கு நடுவில் இருந்ததால் தப்பியது. சங்கத்து அலமாரியிலும் அந்த வருஷங்களின் பிரதி இல்லை.

ஆனால் கம்ப்யூட்டர் கோப்புகள் இருந்தன. அந்நாளில் நம் பத்திரிகையை மணிநகரில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த ஓர் உறுப்பினர் இலவசமாகவே அச்சுக் கோத்துக் கொடுத்தார். அவர் கடையை மூடியபோது பதினேழு ஃப்ளாப்பிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தார். "சார், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பத்திரமாகத்தான் வைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் டின்னைத் திறக்கவே இல்லை. அதுதான் நான் செய்த தப்பு.

மாநாடு முடிந்த மறுநாள், காப்பி டம்ளரோடு போய் அந்த டின்னை எடுத்து வந்து மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். அவர் ஒரு ஃப்ளாப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேத்தி, "இது சேவ் பட்டன் மாதிரி இருக்கிறதே!" என்றாள்.

ஃப்ளாப்பியைப் படிக்கும் கருவியை மாப்பிள்ளை எங்கேயோ தேடி வரவழைத்தார். பதினேழில் ஒன்பதுதான் படித்தன. மீதி பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. படித்த ஒன்பதிலும் பக்க அமைப்புக் கோப்புகள் திறக்கவில்லை. அவற்றைத் திறக்கும் சாஃப்ட்வேரின் விற்பனை நின்று பல காலம் ஆகிறது. நல்ல வேளையாக, அச்சுக் கோத்தவர் கட்டுரைகளின் எழுத்தை மட்டும் தனியாகவும் சேமித்து வைத்திருந்தார். அதைத் திறந்தால், திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் கேள்விக் குறியும் டாலரும்தான்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருக் கம்பெனியும் தனித்தனி கேஜ் வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தங்களுக்குத் தோன்றிய வரிசையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். யூனிகோடு என்ற பொது ஏற்பாட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அது சாதாரண டி.டி.பி. கடைக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஒரு பொது விசைப்பலகையையும் எழுத்து வரிசைகளையும் ஏற்றது. யூனிகோடை அரசு முறையாக ஏற்றது 2010இல். நம் ஃப்ளாப்பிகள் எல்லாம் அதற்கு முந்தைய சரக்கு.

எழுத்துருவின் பெயர் கோப்பில் இருந்தது. ஆனால் அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. அப்போது என் பெண்தான் கேட்டாள்: "அப்பா, புடவைக்குள் இருந்த இதழில் அம்மா எழுதிய கட்டுரை இருக்கிறதே, அதன் கோப்பு இந்த ஒன்பதில் இருக்கிறதா?"

இருந்தது. அதுதான் எங்களுக்கு ரொசெட்டா கல்லாயிற்று. ஒரு பக்கம் அச்சில் அவளுடைய தமிழ், இன்னொரு பக்கம் திரையில் கிறுக்கல். முதல் சொல் "அகமதாபாத்". அ என்ற இடத்தில் எந்தக் குறி, க என்ற இடத்தில் எந்தக் குறி என்று நானும் பெண்ணும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனோம். மூன்று இரவுகளில் அட்டவணை தயார். மாப்பிள்ளை அதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஒரு சிக்கல் வந்தது. "கொ" என்ற எழுத்தைப் பழைய முறையில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருந்தார்கள். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகுதான் உயிர்க்குறி. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் மாற்றினால் மட்டும் போதாது, சில இடங்களில் ஷண்டிங்கும் செய்ய வேண்டும். அதையும் சரி செய்தார்.

நான்காம் நாள் இரவு புரோகிராமை ஓட்டினார். கிறுக்கல் மறைந்து, "எதிர் வீட்டு பா என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது" என்ற வரி திரையில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புனேயில் வளர்கிற பெண், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மாப்பிள்ளை அந்தக் கட்டுரையைப் போனுக்கு மாற்றி, வாசித்துக் காட்டும் வசதியை அமுக்கினார். எழுத்து பொதுக் கேஜில் வந்துவிட்டதால் போன் அதைத் தமிழில் சத்தமாகப் படித்தது. கொஞ்சம் மெஷின் குரல்தான், ரகரமும் றகரமும் ஒன்றாகத்தான் கேட்டன. பேத்தி முழுவதும் கேட்டுவிட்டு, "தாத்தா, பாட்டி இப்படித்தான் பேசுவார்களா?" என்றாள்.

"குரல் பாட்டியுடையது இல்லை. ஆனால் வார்த்தை எல்லாம் பாட்டியுடையதுதான்" என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏதாவது ஒரு கம்பெனி ஏதாவது ஒரு பாதையை மூடும். இது ஒரு கம்பெனியின் பழக்கம் அல்ல, அந்தத் தொழிலின் தன்மையே அதுதான். 2017இல் ஐபோனிலும் 2019இல் மேக்கிலும் 32 பிட் சாஃப்ட்வேர்கள் நின்றுபோயின. ஆனால் இதையெல்லாம் அந்த மாநாடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சர்க்குலர் வந்துவிட்டது, நாம்தான் படிப்பதில்லை. ஆகவே அனுபவப்பட்டவன் என்ற முறையில் நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் ஃப்ளாப்பி, சி.டி., பழைய கேஸட் இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். இன்று படிக்கும், அடுத்த வருஷம் படிக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். பிரபலமான பழைய எழுத்துருக்களுக்கு மாற்றிகள் கிடைக்கின்றன. நாங்கள் பட்ட பாடு எல்லோரும் பட வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பிள்ளைகளிடம் ஒன்று. சாஃப்ட்வேர் இல்லாமலே திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி இருக்கட்டும்.

நான்காவது, காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து மழை படாத இடத்தில் வையுங்கள். எங்கள் விஷயத்தில் கடைசியில் வழி காட்டியது புடவைக்குள் இருந்த காகிதம்தான்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன உதவி. ஆறு கட்டுரைகளில் நான்கு கிடைத்துவிட்டன. 1998 பொங்கல் இதழிலும் 1999 தீபாவளி இதழிலும் வந்த இரண்டு மட்டும் கிடைக்கவில்லை. அவை இருந்த ஃப்ளாப்பிகள் படிக்கவே இல்லை. பட்டமும் கரும்பும் வருவது அந்தப் பொங்கல் கட்டுரையில்தான். மணிநகரிலோ, அம்ராய்வாடியிலோ, மாற்றலாகி வேறு ஊர் போனவர்கள் வீட்டுப் பரணிலோ அந்த இதழ்கள் இருந்தால் தயவுசெய்து சங்க அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இதழை அனுப்பக்கூட வேண்டாம். அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும். எழுத்தாகக் கோத்துக்கொள்ளும் வேலையை நான் செய்துகொள்கிறேன். தொகுப்பு அச்சுக்குப் போவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.